சத்துப் பாட்டில்

பிப்ரவரி 2, 1976

ரத்தம் வைக்கும் ஐஸ்பெட்டிக்கு இன்று பூட்டுப் போட்டாகிவிட்டது. திகாம் பத்து டவுனில் சீனன் கடையில் வாங்கிய பித்தளைப் பூட்டு. சாவி புது டாக்டரம்மாவின் கைப்பையில்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த குரூப் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருக்கிறேன். ஆறு தோட்டத்துக்கும் ஊசி போட்டவன், எலும்பு கட்டியவன், பிரசவம் பார்த்தவன் எல்லாம் இந்த இஞ்ஞாசிமுத்துதான். டாக்டர் என்று ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. இப்போது முழுநேர டாக்டராம். பிரேமாவதி. வயது இருபத்தொன்பது. நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்.

"மிஸ்டர் இஞ்ஞாசி, இனிமே என் கையெழுத்து இல்லாம ஒரு பாட்டில்கூட வெளியே போகக் கூடாது." தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மோரிஸை வைத்துக்கொண்டு சொன்னாள். மோரிஸ் லேப்பில் ரத்தப் பொருத்தம் பார்ப்பவன். தலையைத் தூக்காமல் குழாயைக் கழுவிக்கொண்டே இருந்தான். சிரித்தானோ என்னவோ.

பிப்ரவரி 9

ரத்தப் பதிவேட்டை எடுத்துப்போய் மூன்று நாள் உட்கார்ந்து படித்திருக்கிறாள். போன வருஷம் அறுபத்துநான்கு பேருக்கு ஏற்றியிருக்கிறோமாம். அதில் நாற்பத்தொரு பேருக்கு ஒரே ஒரு பாட்டில்.

"ஒரு பாட்டில்ல தீர்ற குறை மாத்திரையிலேயே தீர்ந்திருக்கும். இந்த நாப்பத்தொன்னும் எதுக்குக் குடுத்தீங்க?"

எதற்கா? அவளுக்கு இந்த ஜனங்களைத் தெரியுமா? பிள்ளை பெற்ற, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் வீட்டம்மா வீட்டுக்குப் போகும்முன் ஒரு பாட்டில் கேட்பாள். வேலை வாங்கும் மண்டோரின் தாயார் உடம்பு அசதி என்று படுத்தால் ஒரு பாட்டில். தொழிலாளர் லயத்தில் அதற்குப் பெயரே சத்துப் பாட்டில்தான். "எங்க ஆத்தாவுக்கு டிரெஸ்ஸர் ஐயா ஒரு பாட்டிலு ஏத்துனாரு" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ரத்தம் அவர்கள் பிள்ளைகள் கொடுத்தது. கோயிலில் பந்தல் போட்டுக் கூப்பிட்டால் வரிசையில் வந்து படுத்துக் கொடுக்கிறார்கள். தங்கள் ஆளுக்கு என்று கேட்டால் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

இதையெல்லாம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த நாப்பத்தொரு பேர்ல ரெண்டு பேருக்கு ஏத்துன ரெண்டு மாசத்துல மஞ்சக்காமாலை வந்திருக்கு. பாத்தீங்களா?" என்றாள்.

மஞ்சள் காமாலை தோட்டத்தில் யாருக்குத்தான் வரவில்லை!

பிப்ரவரி 10

நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று என்று காதிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது. பிசாசு.

மார்ச் 3

இன்று ஆஸ்பத்திரியில் நல்ல கூத்து. நான் ஓரமாக நின்று ரசித்தேன். ரசித்தேன் என்று எழுத வெட்கமில்லை.

பழனியாண்டியின் பெண்சாதி செல்லாயியைப் படுக்கையில் சேர்த்திருக்கிறது. பழனியாண்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன், தொழிற்சங்கத்தின் தோட்டக் கிளைக்குச் செயலாளர். துரையின் முகத்துக்கு நேரே நின்று பேசக்கூடியவன். செல்லாயி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறாள். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. ரத்த அளவு மூன்றேமுக்கால். பன்னிரண்டு இருக்க வேண்டியது.

அந்தம்மா பார்த்துவிட்டு, கொக்கிப்புழு என்றாள். வெறுங்காலோடு பால் வெட்டப் போகிறவர்களுக்கு மண்ணிலிருந்து ஏறி, குடலில் உட்கார்ந்து, வருஷக்கணக்காக ரத்தத்தைக் குடிக்கிறது. புழுவுக்கு மருந்து, ரத்தத்துக்கு இரும்பு மாத்திரை. பாட்டில் கிடையாது.

பழனியாண்டி கத்திய கத்து ஸ்டோர் வரை கேட்டிருக்கும். "கிராணி பொண்டாட்டிக்குப் பாட்டிலு, பால்வெட்டுக்காரிக்கு மாத்திரையா?"

"கிராணி பொண்டாட்டிக்குக் குடுத்ததும் தப்பு" என்றாள் அவள். இவளுக்குப் பேசத் தெரியாது. நெருப்பில் எண்ணெய் ஊற்றத்தான் தெரியும்.

பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினாள். இந்தக் குறை மெல்ல மெல்ல வந்ததாம். உடம்பு அதற்குப் பழகி, இதயம் வீங்கிக் களைத்துப்போயிருக்கிறதாம். ரத்தத்தை வேகமாக ஏற்றினால் அந்த இதயம் தாங்காதாம். தலையாட்டி வைத்தேன். குறைந்ததை ஊற்றினால் நிறையாமல் வேறு என்ன ஆகும்? வாளியில் தண்ணீர் குறைந்தால் வாளியிடம் கேட்டுக்கொண்டா ஊற்றுகிறோம்?

கிராணி வீட்டம்மாவுக்குக் கொடுத்தவன் நான்தான் என்பதைப் பழனியாண்டி மறந்துவிட்டான். ஞாபகப்படுத்துவானேன்.

மார்ச் 11

இன்று வேறு ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணை லாரியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். குணவதி. வீட்டில் பிரசவம், நஞ்சுக்கொடி முழுதும் வரவில்லை, பாய் பூராவும் ரத்தம். அந்தம்மா ஓடினாள். அவளே பூட்டைத் திறந்தாள். இரண்டு கையிலும் ஊசி குத்தி நாலு பாட்டில், ஒன்றன்பின் ஒன்றாக, பாட்டிலைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கேள்வி இல்லை, கணக்கு இல்லை. பிழைத்துவிட்டது அந்தப் பெண்.

அப்போ வேகமாக ஏற்றலாம் என்றுதானே அர்த்தம்? அவள் கொடுத்தால் வைத்தியம், நான் கொடுத்தால் தப்பு. பூட்டு ரத்தத்துக்கு இல்லை, எனக்குத்தான் என்று இன்று தெளிவாயிற்று.

மார்ச் 18

இன்னொரு வேடிக்கை. பக்கத்து வார்டு ராமையா கிழவருக்கு வயிற்றுப் புண்ணில் ரத்தம் போய்க் களைத்துவிட்டார். அவருக்கு ஒரு பாட்டிலை அசையாமல் நிறுத்திவைத்து, மேலே தெளிந்த நீரை மோரிஸை விட்டு எடுக்கச் சொல்லி, அடியில் படிந்த சிவப்பை மட்டும் ஏற்றினாள். அதுவும் சொட்டுச் சொட்டாக, நாலு மணி நேரம். வயசான இதயத்துக்குச் சிவப்பு மட்டும் போதுமாம், தண்ணீர் பாரமாம். எடுத்த நீரையும் கொட்டவில்லை. தீக்காயக்காரர்களுக்கு ஆகும் என்று பத்திரப்படுத்தச் சொன்னாள். ஒரு பாட்டிலில் இரண்டு பேருக்கு வைத்தியமாம்.

ரசத்தில் தெளிவை வடித்துவிட்டு மண்டியைப் பரிமாறுகிற வீட்டில் நான் சாப்பிடமாட்டேன்.

மார்ச் 30

செல்லாயிக்கு இன்று ரத்த அளவு ஐந்து. மோரிஸ் காகிதத்தைக் காட்டி, "ஏறுது அண்ணே" என்றான். அவனுக்கு என்ன அவ்வளவு சந்தோஷம்? நாலு வாரத்தில் ஒன்றேகால். நத்தை ஊர்ந்த மாதிரி.

ஏப்ரல் 7

செல்லாயி இன்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வரும் புதன்கிழமை தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா. மகள் இராசாத்தி காய்ச்சலில் கிடந்தபோது பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாளாம். இரண்டு வருஷம் தள்ளிப் போய்விட்டது.

"ஐயா, ஆத்தங்கரையிலேர்ந்து கோயிலுக்கு அரை மைலு. ஒரே ஒரு பாட்டிலு ஏத்திவுட்டீங்கன்னா நடந்துருவேன். டாக்டரம்மாகிட்ட கேட்டா, வேற யாரையாச்சும் தூக்கச் சொல்லுங்கறாங்க. வேண்டுதல வேற யாரு தூக்குவாங்க?"

நான் வேதக்காரன்தான். ஆனாலும் நேர்ச்சை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்கு அதுவும் தெரியவில்லை, இந்துவாகப் பிறந்தும்.

ஏப்ரல் 9, மதியம்

அந்தம்மா அலோர் ஸ்டாருக்கு ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டாள். சாவி மோரிஸிடம். "அண்ணே, ஆபத்துக்கு மட்டும்னு சொல்லியிருக்காங்க லா" என்று இழுத்தான். "அஞ்சு வாரமா ஒருத்தி படுத்துக் கிடக்கறா. இது ஆபத்து இல்லாம என்ன கல்யாணமா?" என்று வாங்கிக்கொண்டேன். பொருத்தம் பார்த்துக் கொடுத்தான். குறை சொல்லக் கூடாது, வேலையில் சுத்தமானவன்.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். ஒன்று கேட்டாள், இரண்டாகவே ஏற்றிவிடுவோம் என்று தோன்றியது. முழு ரத்தம், மண்டி அல்ல. சாயங்காலம் அந்தம்மா வருவதற்குள் பெயர் வெட்டி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதனால் கொஞ்சம் வேகமாகவே விட்டேன். இப்போது மணி பன்னிரண்டேகால். இரண்டாவது பாட்டில் முடியப்போகிறது. கன்னத்தில் நிறம் வந்திருக்கிறது. வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். பழனியாண்டி ஒரு சீப்புப் பிசாங் மாஸ் வாழைப்பழம் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

வந்து பார்க்கட்டும் மகாராணி.

ஏப்ரல் 9, பொழுது சாய்ந்து

செத்துட்டா.

இரண்டு மணிக்கு இருமினாள். நெஞ்சை அடைக்குது என்றாள். ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி என்று நினைத்தேன். அதற்கான ஊசியைப் போட்டு நீட்டிப் படுக்கவைத்தேன். எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். நான் பிடித்துப் படுக்கவைத்தேன். என் கையாலே. வாயில் நுரை வந்தது, இளஞ்சிவப்பாய்.

மூன்றரைக்கு அந்தம்மா வந்தாள். பையைக்கூட வைக்கவில்லை. "ஏன் படுக்க வச்சீங்க! தூக்குங்க!" நிமிர்த்தி உட்காரவைத்தாள், ஆக்சிஜன், சிறுநீர் பிரியும் ஊசி, ரத்தம் நெஞ்சுக்கு ஏறாமல் கைகால்களுக்குக் கட்டு. நுரையீரலில் தண்ணீர். நாலு மணி பத்து நிமிஷம்.

"எத்தனை பாட்டில்?"

ஒன்று என்றேன். மெதுவாகத்தான் என்றேன்.

நான் என்ன பண்ணேன்? நல்லதுதானே நெனச்சேன்? கேட்டா, குடுத்தேன். இருவத்திரண்டு வருஷமா குடுத்தேனே, யாரு செத்தாங்க?

ஏப்ரல் 10

பதிவேட்டில் எழுதியாக வேண்டும். செல்லாயி – ஒரு பாட்டில். இன்னொன்று – கைதவறி உடைந்தது. எழுதிவிட்டேன். மை காய நேரம் பிடித்தது.

உடலை அறுத்துப் பார்க்கப் பழனியாண்டி விடவில்லை. மோரிஸ் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு காலிப் பாட்டிலையும் கழுவியவன் அவன்.

ஏப்ரல் 12

நேற்று அடக்கம். இன்று காலை பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒருவரும் போகவில்லை. ஆறு தோட்டத்து ஜனமும் ஆஸ்பத்திரி கேட்டில். இருநூறு பேர் இருக்கும்.

"அஞ்சு வாரமா கேட்டோம்! அன்னிக்கே ஏத்தியிருந்தா எம் பொண்டாட்டி உசுரோட இருந்திருப்பா! நாங்க குடுத்த ரத்தத்த எங்களுக்கே பூட்டி வச்சா!" பழனியாண்டி சொல்லச் சொல்ல, கூட்டம் அந்தம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தியது. ஒருவன் கல்லெடுத்து எறிந்து வெளிநோயாளர் அறைக் கண்ணாடி உடைந்தது.

நான் வெளியே போனபோது கத்தல் நின்றுவிட்டது. பழனியாண்டி வந்து என் காலில் விழுந்தான். "நீங்கதான்யா கடைசி வரைக்கும் போராடுனீங்க. கைமிஞ்சிப் போன பிறகு நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க."

நான் அவனைத் தூக்கினேன். வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதும்போதும் எனக்கு அவள்மேல்தான் கோபம் வருகிறது. பூட்டு இல்லாமல் இருந்திருந்தால் நான் அவசரப்பட்டிருப்பேனா? ஒளித்து, மறைத்து, மணி பார்த்து... அவளால்தான். ஆமாம், அவளால்தான்.

ஏப்ரல் 13

பதிவேட்டைப் பார்த்துவிட்டாள். என் மேசைக்கு வந்து நின்றாள்.

"பாட்டில் உடைஞ்சா தரையில ரத்தம் இருக்கும், மிஸ்டர் இஞ்ஞாசி. வார்டு கூட்டுற ஆயாகிட்ட கேட்டேன். அன்னிக்கு அவ எதையும் துடைக்கல."

நான் எழுந்து போகவில்லை. அவளும் போகவில்லை. அவள் கண்ணில் இருந்தது பரிதாபம் இல்லை, சுத்தமான வெறுப்பு. எனக்கு அதுதான் சௌகரியமாக இருந்தது.

மே 20

அந்தம்மாவை அனுப்பிவிட்டார்கள். துரைக்கு வேலைநிறுத்தம் ஓய்ந்து பால்வெட்டு நடந்தால் போதும். யார் செய்தது தப்பு என்று அவருக்கு என்ன? ஆயாவின் பேச்சை வைத்து ஒரு சீனியர் டிரெஸ்ஸரைக் குற்றம் சொல்ல முடியாது என்றாராம்.

போகும்போது சாவியை என் மேசையில் வைத்தாள். உள்ளே மூன்று பாட்டில், இன்ன வகை, இன்ன தேதிவரை என்று ஒரு சீட்டு. குட்பை இல்லை, ஒன்றும் இல்லை. ஜெயித்தாயிற்று.

ஜூன் 14

கிராணி வீட்டில் ஒரு பாட்டில் கேட்டு ஆள் அனுப்பினார்கள். ரத்தம் இல்லை என்று சொல்லிவிட்டேன். இருந்தது.

ஜூலை 2

என் மனைவி ஜேன் தஞ்சோங் டாவாய் மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். முருங்கைக்காய் போட்டு, எனக்குப் பிடித்த மாதிரி. குழம்பின் சிவப்பைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். "உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கரண்டியை எறிந்தாள். மூன்று மாதமாகப் பூசையிலும் நன்மை அப்பம் வாங்குவதில்லை. சாமியார் பார்க்கிறார். பார்க்கட்டும்.

ஜூலை 19

மோரிஸ் என்னோடு டீ குடிப்பதை விட்டுவிட்டான். நாய். சொல்வதென்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறான்?

ஆகஸ்ட் 16

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பழனியாண்டி மகள் இராசாத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். பதினேழு வயது. பள்ளியை விட்டு, தாய் வெட்டிய மர நிரையில் இப்போது அவள் வெட்டுகிறாள், தாயைப் போலவே வெறுங்காலோடு. அதே வெளுப்பு, அதே மூச்சு. மோரிஸ் பார்த்தான். நாலரை.

"இப்பத்தான் அந்தச் சனியன் போயிருச்சே. சாவி உங்க கையில. இவளுக்கு மூணு பாட்டிலா ஏத்திவுடுங்கய்யா. தாயைப் பறிகொடுத்தாச்சு, இதையும் குடுக்க என்னால ஆகாது" என்றான்.

புழு மருந்தும் இரும்பு மாத்திரையும் எழுதினேன். மூன்று மாதம் தின்னட்டும், செருப்புப் போட்டு வேலைக்குப் போகட்டும் என்றேன்.

சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "ஐயா... நீங்களுமா?" என்றான். பிறகு குரல் ஏறியது. "அவ உங்களுக்கும் மருந்து வச்சுட்டுப் போயிட்டாளா? மாத்திரைய நம்பித்தானே எம் பொண்டாட்டிய மண்ணுக்குக் குடுத்தேன்? இந்தா, பசங்களக் கூட்டியாந்து பூட்ட உடைச்சு நானே எடுக்கறேன். யாரு ஏத்துவாங்கன்னு பாக்கறேன்!" வாசலுக்குப் போய்க் கையைத் தட்டிக் கூப்பிட்டும் விட்டான். நாலைந்து பேர் கேட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

ஏற்றக் கூடாது என்றால் நம்பமாட்டான். சுங்கைப் பட்டாணியில் தெரிந்த கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போவான். அங்கே என்னைப் போல ஒருவன் இருப்பான். அவனும் நல்லதுதான் நினைப்பான்.

"பழனியாண்டி, பூட்ட உடைக்காத. சொல்றதக் கேளு. செல்லாயியக் கொன்னது மாத்திரை இல்ல. டாக்டரும் இல்ல. நாந்தான். ரெண்டு பாட்டிலு ஏத்துனேன், மூணு மணி நேரத்துல. அவ இதயம் தாங்கல. உக்காந்து மூச்சு விட்டவளப் புடிச்சுப் படுக்க வச்சேன். ஒன்னுன்னு பொய் எழுதுனேன்."

அறைந்தான். கண்ணாடி போய் விழுந்தது. இரண்டாவது அறைக்கு மோரிஸ் ஓடிவந்து குறுக்கே நின்றான். பழனியாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டான். "கால்ல வுழுந்தேனே... ஒங் கால்ல வுழுந்தேனேடா பாவி" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதான்.

இராசாத்தி குனிந்து மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 17

பதிவேட்டில் 'உடைந்தது' என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்: செல்லாயி – இரண்டு. கீழே கையெழுத்து, இன்றைய தேதி. துரைக்கு ஒரு கடிதம், டாக்டர் பிரேமாவதிக்கு ஒரு கடிதம். அவளுக்கு எழுதியதில் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளைக் கண்டால் எனக்கு இன்னும் ஆகாது. நடந்ததை மட்டும், மணி நேரத்தோடு எழுதினேன்.

செப்டம்பர் 6

விசாரணை முடியும்வரை நான் வார்டுக்குள் போகக் கூடாது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் மட்டும் உட்கார வேண்டும். லயத்து ஜனங்கள் என்னைத் தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல் என் விரல் படாமல் பொட்டலத்தை எடுத்துப் போகிறார்கள். ஒருத்தி ஜன்னல் கட்டையில் துப்பிவிட்டுப் போனாள். நானே துடைத்தேன்.

ஜேனிடமும் சொல்லிவிட்டேன். அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

செப்டம்பர் 21

அந்தம்மாவிடமிருந்து பதில் வந்தது. இரண்டே வரி. "உங்கள் கடிதம் கிடைத்தது. அந்தப் பெண்ணின் இன்றைய ரத்த அளவு என்ன?"

அவ்வளவுதான். திமிர் பிடித்தவள். மோரிஸிடம் கேட்டு எழுதி அனுப்பினேன். ஏழேகால்.

அக்டோபர் 18

இராசாத்தி மாத்திரைக்கு வந்தாள். காலில் ரப்பர் ஷூ. ஒன்பதரை என்று மோரிஸ் எழுதிக் கொடுத்த காகிதத்தை ஜன்னலில் நீட்டினாள். கேட்டுக்கு வெளியே பழனியாண்டி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். உள்ளே வருவதில்லை.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டும் அவள் போகவில்லை.

"அம்மாவுக்கும் இதே மாத்திரைதானா?"

"இதே மாத்திரைதான்."

"அவங்களுக்கு ஏறலியா?"

சுற்றிலும் ஆள் இருந்தது. எல்லாருக்கும் கேட்கும். கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"ஏறிக்கிட்டுதாம்மா இருந்துச்சு."